மூன்று நிமிடங்களுக்குள் ஒரு காலம்: ஸ்விங் இசைத் தொகுப்புகளை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

அமெரிக்க ஸ்விங் காலத்துப் பெருங்குழு இசையின் புகழ்பெற்ற பதிவுகளைத் திரட்டித் தரும் தொகுப்பு எதை எடுத்துக்கொண்டாலும், அதன் உள்ளடக்கப் பட்டியலைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிளென் மில்லரின் 'இன் தி மூட்' இருக்கும். பென்னி குட்மனின் 'சிங், சிங், சிங்', ஆர்ட்டி ஷாவின் 'பிகின் தி பெகின்', கவுன்ட் பேஸியின் 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்', டியூக் எலிங்டனின் 'டேக் தி ஏ டிரெயின்' ஆகியவை முன்பின்னாக அமைந்திருக்கும். சிக் வெப் குழுவுடன் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய 'எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்' பெரும்பாலும் விடுபடாது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று நிமிடம். இருபது பதிவுகளைக் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் போதும். ஒரு காலத்தையே கேட்டுவிட்ட நிறைவு அப்போது கேட்பவருக்கு உண்டாகிறது. அந்த நிறைவை எவையெல்லாம் சேர்ந்து உருவாக்கின, அதற்காக எவை வெளியே நிறுத்தப்பட்டன என்பதே இங்கு எழும் வினா.

ஸ்விங் காலம் என வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது தோராயமாக 1935 முதல் 1946 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளை. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்னும் மூன்று காற்றுக்கருவிப் பிரிவுகளும், பியானோ, கித்தார், பாஸ், டிரம் ஆகியவை அடங்கிய தாளப்பிரிவும் சேர்ந்து சுமார் பதினைந்து பேர் கொண்ட குழு, நடனமாடுவோருக்காக வாசித்த ஜாஸ் இசை அது. அமெரிக்க மக்களிடையே ஜாஸ் பெருவழக்கு இசையாகத் திகழ்ந்த காலம் ஏறக்குறைய அது ஒன்றுதான். ஆகவே அக்காலத் தொகுப்புகள் இசை ஆர்வலர்க்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு சமூகம் தன் கடந்த காலத்தை எவ்வாறு தெரிந்தெடுத்து நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதை ஆராய்வோருக்கும் அவை சான்றுகளாகின்றன.

1. தட்டின் அளவு

'ஆல்பம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். வெண்மையைக் குறிக்கும் 'ஆல்பஸ்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது, முதலில் அறிவிப்புகள் எழுதப்பட்ட வெள்ளைப் பலகையைக் குறித்தது; பின்னர் கையொப்பங்களும் படங்களும் சேர்த்து வைக்கும் வெற்றுத்தாள் ஏட்டைக் குறித்தது. இசைத்தட்டுகள் வந்தபின், பல தட்டுகளை உறைகளில் செருகி, புகைப்பட ஏடு போல அட்டையிட்டுக் கட்டிய தொகுதிக்கும் அப்பெயர் சென்று சேர்ந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீள்வாசிப்புத் தட்டை அறிமுகப்படுத்தியபோது பல தட்டுகளின் கட்டு ஒரே தட்டாகச் சுருங்கியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தனித்தனியே வெளிவந்த பதிவுகளைப் பின்னாளில் ஒருவர் சேர்த்து வைப்பது என்னும் பொருள் அச்சொல்லுக்குள் தொடக்கம் முதலே இருந்துவந்துள்ளது.

சேர்க்கப்பட்ட பதிவுகளின் இயல்பான அளவைத் தீர்மானித்தது இசை அன்று, தட்டு. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசைதான் அடங்கும். நடன அரங்கில் ஒரு குழு இதைவிட நீண்ட நேரம் வாசிக்கலாம்; நன்றாக வாசிக்கும் ஒருவருக்குச் சுற்றுக்குமேல் சுற்றாகத் தனி வாசிப்புக்கு இடம் கொடுக்கலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே வாசிப்பு எட்டு அடவு, பதினாறு அடவு என அளந்து கொடுக்கப்பட்டது. நம் கச்சேரி மரபில் மனோதர்மம் என்று சொல்லப்படும் அந்தப் பகுதிதான் முதலில் வெட்டுண்டது. விதிவிலக்குகள் இருந்தன. 1937 ஜூலையில் குட்மன் குழு பதிந்த 'சிங், சிங், சிங்' எட்டு நிமிடத்திற்கு மேல் நீண்டதால், பன்னிரண்டு அங்குலத் தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்துப் பதிக்கப்பட்டது. அதைக் கேட்க விரும்பியவர் நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. இன்றைய தொகுப்புகளில் அந்த இடைவெளி ஒட்டுப்போடப்பட்டு மறைந்திருக்கும். சில தொகுப்புகளில் பாதி மட்டுமே இருக்கும்.

தொகுப்பைக் கேட்கும் மாணவர் இதனால் ஒரு பிழையான முடிவுக்கு வர வாய்ப்புண்டு. ஸ்விங் இசை இயல்பிலேயே சுருக்கமானது, கச்சிதமானது, முன்கூட்டித் திட்டமிடப்பட்டது என்று அவர் கருதக்கூடும். அக்கச்சிதம் பெருமளவு தட்டுக்குரிய பண்பு. அரங்கத்தில் நிகழ்ந்ததற்குத் தட்டு ஒரு சான்று. ஒரு நீண்ட கூற்றின் மேற்கோள் போன்ற சான்று.

2. ஒரு பாடலின் பாட வரலாறு

தொகுப்புகளின் முதலிடத்தைப் பெரும்பாலும் பிடிக்கும் 'இன் தி மூட்' பதிவையே எடுத்துக்கொள்வோம். 1939 ஆகஸ்ட் 1 அன்று புளூபேர்ட் முத்திரைக்காக மில்லர் குழு அதைப் பதிந்தது. இயற்றியவர் என்று ஜோ கார்லண்டின் பெயர் இருக்கும். பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை ஆராய்பவர் செய்வதை இப்பதிவுக்கும் செய்தால் கிடைப்பது வேறொரு சித்திரம்.

பாடலின் அடையாளமாகிவிட்ட அந்தச் சிறு இசைத்தொடர், படிப்படியாக ஏறி இறங்கும் அந்த 'ரிஃப்', 1930-இலேயே டிரம்பெட் கலைஞர் விங்கி மனோனின் 'டார் பேப்பர் ஸ்டாம்ப்' பதிவில் ஒலிக்கிறது. 1931-இல் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழு பதிந்த 'ஹாட் அண்ட் ஆங்ஷியஸ்' என்னும் பதிவில் அது மீண்டும் வருகிறது. 1935-இல் மில்ஸ் புளூ ரிதம் பேண்ட் பதிந்த, கார்லண்டின் 'தேர்ஸ் ரிதம் இன் ஹார்லம்' என்னும் பாடலில் அதன் உறவைக் கேட்கலாம். 1938-இல் எட்கர் ஹேஸ் குழு 'இன் தி மூட்' என்ற பெயரிலேயே அதைப் பதிந்தது. கார்லண்ட் அப்போது அக்குழுவில் இருந்தார். அதே ஆண்டில் ஆர்ட்டி ஷா குழு வானொலியில் வாசித்த வடிவம் ஆறு நிமிடத்திற்கு மேல் சென்றது. தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காததால் ஷா அதைப் பதியவில்லை. பிறகே மில்லர் அதை எடுத்துச் சுருக்கினார்.

மில்லரின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்ற அவரது தேர்வுதான் அப்பாடலை உருவாக்கியது. டெக்ஸ் பெனிகி, அல் கிளிங்க் ஆகிய இரு சாக்ஸபோன் கலைஞர்களின் உரையாடல் போன்ற வாசிப்பு, முடிந்துவிட்டது என நினைக்கும்போது மீண்டும் மீண்டும் மெலிதாகத் திரும்பி வந்து, கடைசியில் உரத்து முடியும் முடிவு ஆகியவை கேட்பவரைக் கட்டிப்போடுகின்றன. நடன அரங்கின் உளவியலை அறிந்த ஒருவரின் வேலை அது.

இருப்பினும், ஒரு தொகுப்பு மில்லரின் பதிவை மட்டும் வைத்து அதன் பக்கத்தில் ஓர் ஆண்டையும் ஒரு பெயரையும் எழுதும்போது, ஒன்பது ஆண்டுக் கைமாற்றம் ஒரு கணமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த 'ரிஃப்' எவருடையது? இசைஞர் புழக்கத்தில் இருந்த பொதுச்சொத்து எனலாம். காதால் கேட்டு, கையால் மாற்றி, அடுத்தவருக்குக் கொடுக்கப்படும் அத்தகைய துணுக்குகள் வாய்மொழி மரபின் தொடர்களைப் போன்றவை. பதிப்புரிமைச் சட்டமோ எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட்ட வடிவத்தையே அறியும். வாய்மொழியாக வளர்ந்த ஒன்று எழுத்துக்குள் நுழையும் தருணத்தில் யார் பெயர் மேலே இருக்கிறதோ அவரே ஆசிரியராகிறார். தொகுப்பு அந்தச் சட்டநிலையை அப்படியே வரலாறாக மாற்றிக் கொடுக்கிறது.

3. எழுதியவரும் புகழ் பெற்றவரும்

ஹெண்டர்சன் பெயர் இங்கே ஒரு முறை வந்தது. தொகுப்புகளின் அட்டையில் அரிதாகவும், அவற்றின் உள்ளே ஏறக்குறைய எங்கும் இருப்பவர் அவர். 1897-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, வேதியியல் பயின்று, 1920-இல் நியூயார்க் வந்தவர். அங்கே இசைக்குழுத் தலைவரானார். 1924-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அவர் குழுவில் சேர்ந்தார். கோல்மன் ஹாக்கின்ஸ் அக்குழுவில் வளர்ந்தவர். சாக்ஸபோன் பிரிவு கேட்க, டிரம்பெட் பிரிவு விடை சொல்ல, இடையே ஒருவர் தனித்து எழும் அமைப்பை டான் ரெட்மனும் ஹெண்டர்சனும் அக்குழுவில் உருவாக்கிச் செம்மைப்படுத்தினர். ஸ்விங் காலத்தின் இலக்கணம் என்று சொல்லத்தக்கது அது.

1934 டிசம்பரில் என்.பி.சி. வானொலி 'லெட்ஸ் டான்ஸ்' என்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. பிஸ்கட் நிறுவனம் ஒன்றின் விளம்பர நிகழ்ச்சி அது. குட்மன் குழுவுக்கு அதில் இடம் கிடைத்தது. புதிய இசைக்கோப்புகளை வாங்குவதற்கும் பணம் கிடைத்தது. பொருளாதார மந்தத்தில் ஹெண்டர்சனின் சொந்தக் குழு 1934-இன் பிற்பகுதியில் கலைந்து போயிருந்தது. குட்மன் அவரிடமிருந்து இசைக்கோப்புகளை வாங்கத் தொடங்கினார். ஜெல்லி ரோல் மார்ட்டன் இயற்றி, ஹெண்டர்சன் குழு ஆண்டுக்கணக்கில் வாசித்துப் பதப்படுத்திய 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' அவற்றுள் ஒன்று.

நிகழ்ச்சி கிழக்குக் கடற்கரையில் நள்ளிரவை ஒட்டி ஒலித்தது. மூன்று மணி நேரம் பிந்திய மேற்குக் கடற்கரையில் அது இளைஞர் விழித்திருக்கும் வேளை. 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பாலமார் அரங்கில் குட்மன் குழுவைக் காணத் திரண்டவர்கள் அந்த இசையை ஏற்கெனவே வானொலியில் கேட்டுப் பழகியவர்கள். ஸ்விங் காலம் பிறந்த நாளாகப் பல நூல்கள் அந்நாளையே குறிக்கின்றன. அவ்விரவில் கூட்டத்தை எழுப்பியதாகச் சொல்லப்படும் இசைக்கோப்புகள் ஹெண்டர்சனுடையவை. தன் குழுவைக் காப்பாற்ற முடியாத கறுப்பினக் கலைஞர் ஒருவரின் எழுத்து, வானொலியும் விளம்பரதாரரும் கிடைத்த வெள்ளையினக் கலைஞரின் குழு வழியே நாடு முழுவதும் சென்று சேர்ந்தது.

குட்மன் இக்கடனை மறைத்தவர் அல்லர். ஹெண்டர்சனின் பெயரை வெளிப்படையாகச் சொன்னவர். 1936-இல் டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் தன் சிறு குழுவில் சேர்த்து, கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒரே மேடையில் அமராத வழக்கத்தை உடைத்தவரும் அவரே. தனிமனிதரின் நேர்மையால் ஈடுசெய்ய முடியாத ஏற்றத்தாழ்வு சந்தையில் இருந்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

1952 டிசம்பரில் ஹெண்டர்சன் மறைந்தார். 1961-இல் கொலம்பியா நிறுவனம் நான்கு நீள்தட்டுகளில் 64 பதிவுகளைக் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 'எ ஸ்டடி இன் ஃபிரஸ்ட்ரேஷன்' என்பது அதன் பெயர். ஏமாற்றம் குறித்த ஓர் ஆய்வு என்று பொருள் கொள்ளலாம். 1923 முதல் 1938 வரையிலான பதிவுகள் காலவரிசையில் அமைந்த அத்தொகுப்பில், ஸ்விங் 1935-இல் திடீரெனப் பிறக்கவில்லை என்பது காதுக்கே விளங்கும். புகழ்ப் பாடல்களின் திரட்டு கேட்பவரின் நினைவை உறுதிப்படுத்துகிறது. இத்தொகுப்போ அந்நினைவுடன் வாதிடுகிறது. தொகுப்பாசிரியரும் வரலாறு எழுதுபவரே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. கூலியும் நிறமும்

கான்சாஸ் சிட்டியிலிருந்து வந்த பேஸி குழுவின் முறை வேறு. அங்கே பல பாடல்கள் தாளில் எழுதப்படவில்லை. ஒருவர் ஒரு 'ரிஃப்'பைத் தொடங்க, மற்றவர் அதன்மேல் சேர்க்க, பல இரவுகளில் ஒரு பாடல் உருப்பெறும். அது குழுவினரின் தலைக்குள்ளேயே இருக்கும். 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' அவ்வாறு வளர்ந்தது. பஸ்டர் ஸ்மித், எட்டி டர்ஹம் முதலியோரின் பங்களிப்பு அதில் உண்டு. தட்டில் உள்ளது பேஸியின் பெயர். பேஸியே டெக்கா நிறுவனத்துடன் செய்துகொண்ட முதல் ஒப்பந்தத்தில் 24 பக்கங்களுக்கு 750 டாலர் பெற்றார். விற்பனையில் உரிமத்தொகை கிடையாது. இன்று எந்தத் தொகுப்பிலும் இடம்பெறும் அப்பாடல் 1937 ஜூலையில் அந்த ஒப்பந்தத்தின்கீழ் பதியப்பட்டது. குழுவினர் பேஸிக்குப் பின்னால் மறைந்தனர். பேஸி ஒப்பந்தத்துக்குள் அடங்கினார்.

1938 ஜூலை 24 இன்னொரு பாடம் தருகிறது. அன்று ஆர்ட்டி ஷா குழு 'பிகின் தி பெகின்' பாடலைப் பதிந்தது. அதைத் தட்டின் பின்பக்கத்துக்கே நிறுவனம் ஒதுக்கியது; முன்பக்கத்தில் 'இண்டியன் லவ் கால்' இருந்தது. மக்கள் பின்பக்கத்தைத் தேர்ந்தனர். ஷா ஒரே ஆண்டில் நாடறிந்த பெயரானார். அதே நாளில், அதே கூடத்தில், பில்லி ஹாலிடே அக்குழுவுடன் 'எனி ஓல்ட் டைம்' என்ற பாடலைப் பாடினார். ஷா குழுவுடன் அவர் பாடிப் பதிந்த ஒரே பாடல் அது. வெள்ளையினக் குழு ஒன்றில் முழுநேரப் பாடகியாகப் பணியாற்றிய முதல் கறுப்பினப் பெண்களுள் ஒருவரான அவர், குழு வாசித்த நியூயார்க் விடுதியிலேயே சரக்கு மின்தூக்கியில் ஏறிவருமாறு பணிக்கப்பட்டார். அவ்வாண்டு இறுதிக்குள் குழுவை விட்டு விலகினார். புகழ்த் தொகுப்புகள் அந்த நாளின் ஒரு பாடலை மட்டும் நினைவில் வைத்துள்ளன.

பதிவே செய்யப்படாதவர்களின் நிலை இன்னும் கடினம். மிசிசிப்பி மாநிலத்தின் பைனி வுட்ஸ் பள்ளியில் 1937-இல் தொடங்கிய 'இண்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' பல இனப் பெண்கள் சேர்ந்து வாசித்த பெருங்குழு. அரங்குகளை நிரப்பிய அக்குழுவுக்கு வணிக இசைத்தட்டுகள் மிகச் சிலவே அமைந்தன. இசைத்தட்டுகளிலிருந்து தெரிவு செய்யும் தொகுப்பாசிரியருக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். பெண் கலைஞர்களை மீட்டெடுக்கவென்றே தொடங்கப்பட்ட ரோசெட்டா ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு முத்திரை 1980-களில் அவர்களுக்குத் தனித்தொகுப்பு வெளியிட்ட பிறகே புதிய தலைமுறை அவர்களைக் கேட்க முடிந்தது.

5. இரு மௌனங்கள்

தொகுப்புகளின் ஆண்டுக்குறிப்புகளை வரிசைப்படுத்தினால் 1941-க்கும் 1944-க்கும் இடையே இரு விசித்திரங்கள் தென்படும். இரண்டுக்கும் காரணம் இசை ரசனைக்கு வெளியே உள்ளது.

முதலாவது, 1941 ஜனவரி முதல் அக்டோபர் இறுதி வரை, கட்டணத் தகராறினால், இயற்றுநர் சங்கமான 'ஆஸ்காப்' உறுப்பினர்களின் பாடல்களை வானொலி வலையமைப்புகள் ஒலிபரப்பவில்லை. எலிங்டன் அச்சங்கத்தின் உறுப்பினர். தன் குழு தன் பாடல்களையே வானொலியில் வாசிக்க இயலாத நிலையில், உறுப்பினரல்லாத இருவரிடம் அவர் திரும்பினார்: அவரது இணை இசைக்கோப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன், மகன் மெர்சர் எலிங்டன். ஸ்ட்ரேஹார்ன் முன்னரே எழுதி, ஹெண்டர்சன் பாணியைப் போல் இருக்கிறதென்று குப்பைக்கூடையில் போட்டிருந்த தாளைத் தாம் எடுத்ததாக மெர்சர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 'டேக் தி ஏ டிரெயின்' 1941 பிப்ரவரியில் பதியப்பட்டு எலிங்டன் குழுவின் அடையாளப் பாடலாயிற்று. எலிங்டன் இசையின் உச்சமெனத் தொகுப்புகள் முன்வைக்கும் பாடலை எழுதியவர் எலிங்டன் அல்லர். அது முன்னுக்கு வந்த காரணம் ஒரு கட்டணத் தகராறு.

இரண்டாவது, 1942 ஆகஸ்ட் 1 முதல் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைஞர் தொழிற்சங்கம் ஒலிப்பதிவுப் புறக்கணிப்பைத் தொடங்கியது. வானொலியும் ஜூக்பாக்ஸும் தட்டுகளைச் சுழற்றி நேரடி இசைஞரின் பிழைப்பைக் கெடுக்கின்றன; ஆகவே விற்பனையில் ஒரு பங்கு வேலையற்ற இசைஞருக்கான நிதிக்கு வர வேண்டும் என்பது கோரிக்கை. டெக்கா 1943 செப்டம்பரிலும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும் இணங்கின. அதுவரை கருவியிசைப் பதிவுகள் பெருமளவில் நின்றன. போர்வீரர்களுக்கென அனுப்பப்பட்ட 'வி-டிஸ்க்' தட்டுகளுக்கு மட்டும் சங்கம் விலக்கு அளித்தது. 1943-இல் சார்லி பார்க்கரும் டிஸி கில்லஸ்பியும் சேர்ந்திருந்த ஏர்ல் ஹைன்ஸ் குழுவின் வணிகப் பதிவு ஒன்றுகூட இல்லாமற்போனது இக்காலத்தில்தான். ஸ்விங்கிலிருந்து 'பீபாப்' என்ற புதிய நடை பிறந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மாற்றம் தொகுப்புகளில் ஒரு திடீர்த் தாவலாகக் கேட்பதற்கு, நடுவிலிருந்த படிகள் பதியப்படாததும் ஒரு காரணம்.

6. அரக்கு

தட்டே கிடைக்காமல் போன கதையும் உண்டு. அது இந்தியாவுக்கு வந்து சேர்கிறது. 78 சுற்றுத் தட்டுகளைப் பிணைத்த பொருள் அரக்கு. கல்மாவும் கரிப்பொடியும் கலந்த கலவையை ஒன்றாகப் பிடித்து வைத்தது அதுவே. சூட்டில் இளகி, அச்சில் அழுத்திய வடிவத்தை ஏற்று, ஆறியதும் இறுகிவிடும் தன்மை அதற்கு உண்டு; அது எவ்வளவு எளிதில் தீக்கு இளகும் என்பதை பாரதத்து அரக்கு மாளிகையின் கதை கேட்டவர் அறிவர். ஆங்கிலத்தின் 'லாக்' என்ற சொல்லே வடமொழி 'லாக்ஷா'வின் வழிவந்தது. உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கின் பெரும்பகுதி சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்திலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும், புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகளிடமிருந்து, பெரும்பாலும் பழங்குடி மக்களின் கைகளால் சேகரிக்கப்பட்டது. ராஞ்சி அருகே நாம்குமில் 1924-இல் அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிய அளவுக்கு அந்த வணிகம் பெரிதாக இருந்தது.

1942 பிப்ரவரி 10 அன்று, 12 இலட்சம் படிகள் விற்ற 'சாட்டனூகா சூ சூ' பாடலுக்காக மில்லருக்குப் பொன்முலாம் பூசிய தட்டு ஒன்று வானொலி நிகழ்ச்சியில் வழங்கப்பட்டது. 'தங்கத் தட்டு' என்ற மரபின் தொடக்கம் அது. இரண்டு மாதங்களில், அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் இசைத்தட்டுகளுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. ஆசியக் கடல்வழிகள் போரில் சிக்கியிருந்தன. இருக்கும் அரக்கு படைத்தேவைக்குச் சென்றது. புதிய தட்டு வேண்டுவோரிடம் பழைய தட்டைத் திரும்பக் கேட்கும் நிலை உருவானது. பழையவை அரைக்கப்பட்டுப் புதியவையாயின. ஒரு தலைமுறையின் இசை அடுத்த தலைமுறையின் இசைக்கு மூலப்பொருளான நிலையில், எது பிழைத்தது என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு.

மூலப்பொருள் இந்தியாவிலிருந்து போனதுபோல் ஸ்விங் இசை இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு போர்க்காலக் கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். அந்நகரில் கொலம்பியா முத்திரைக்காகப் பல பதிவுகளும் செய்தார். 1945 ஏப்ரலில் அங்கேயே காலராவால் இறந்தார். ஆங்கிலோ-இந்திய, கோவா இசைஞர் பலர் வாசித்த அந்நகரின் ஸ்விங், அமெரிக்கத் தொகுப்புகளின் நிலப்படத்தில் வருவதில்லை. அரக்கு தந்த நாடு அந்த வரலாற்றில் கேட்பவராகவும் இல்லை, வாசித்தவராகவும் இல்லை.

7. நினைவின் மறுபதிவு

1946-இன் இறுதியில் குட்மன், உட்டி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்ஸி உள்ளிட்ட பலர் தங்கள் குழுக்களைக் கலைத்தனர். 1944 டிசம்பர் 15 அன்று ஆங்கிலக் கால்வாயின் மீது பறந்த விமானத்தோடு மில்லர் காணாமற்போயிருந்தார். முதுமையடையாத அவரது உருவம் போர்க்கால நினைவோடு ஒன்றிவிட்டது. தொகுப்புகளின் முதலிடத்தை அவர் பெற்றதில் இசைக்கு உள்ள பங்கோடு அந்த இழப்புக்கும் பங்குண்டு.

1970-களின் தொடக்கத்தில் டைம்-லைஃப் நிறுவனம் 'தி ஸ்விங் இரா' என்ற பெரிய வரிசையை வெளியிட்டது. அவற்றில் இருந்தவை பெரும்பாலும் பழைய பதிவுகள் அல்ல. பில்லி மே முதலியோர் தலைமையில், பழைய இசைக்கோப்புகளை ஸ்டீரியோவில் புதிதாக வாசித்துப் பதிந்தவை. தனி வாசிப்புகளும்கூட மூலத்தட்டில் இருந்தவாறே வாசிக்கப்பட்டன. 1930-களில் அந்த நிமிடத்தில் தோன்றியது, முப்பது ஆண்டுக்குப் பின் மனப்பாடமாகிவிட்டது. ஒலி தெளிவாயிற்று, மனோதர்மம் பாடாந்தரமாயிற்று. 1983-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக குந்தர் ஷுல்லரும் மார்ட்டின் வில்லியம்சும் தொகுத்த 'பிக் பேண்ட் ஜாஸ்' வேறு வழியில் சென்றது. மூலப்பதிவுகளையே தேர்ந்து, ஸ்விங்குக்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்து, விரிவான விளக்கவுரையுடன் அது வந்தது. ஒரே காலம், ஒரே வகை இசை. முதலாவது கேட்பவரின் இளமையை மீட்டுத் தர முயன்றது, இரண்டாவது கேட்பவருக்குப் பாடம் சொல்ல முயன்றது.

இவற்றைக் காரணமாக்கி, புகழ்த் தொகுப்புகளைப் புறந்தள்ள வேண்டியதில்லை. அவை இல்லாவிடில் இந்த இசையின் பெரும்பகுதி பொதுக்காதுக்கு எட்டியிராது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்போது மட்டும், மொழியியலார் ஒரு தரவுத்தொகுதியிடம் கேட்கும் கேள்விகளை இங்கும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் வெளியீட்டு ஆண்டோடு பதிவு நாளையும் குறிக்க வேண்டும். குழுத்தலைவரின் பெயரோடு இசைக்கோப்பாளர், தனி வாசித்தவர் பெயர்களையும் சேர்க்க வேண்டும். தட்டின் எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், எந்த ஒப்பந்தம், மூலப்பதிவா மறுவாசிப்பா என்பதைத் தேட வேண்டும். வகுப்பறையில் இதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. மனோன் 1930, ஹெண்டர்சன் 1931, ஹேஸ் 1938, மில்லர் 1939 என நான்கு பதிவுகளை அந்த வரிசையில் ஒலிக்க விட்டால் போதும்; முழுவதும் கேட்க ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆகும். நான்காவது பதிவு தொடங்கும்போது, எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாடல் மாணவர் காதில் ஒரு தொடக்கமாக ஒலிக்காது. அவர்களுக்கு முன்பே நால்வர் பேசிக்கொண்டிருந்த உரையாடலின் கடைசி வாக்கியமாக ஒலிக்கும்.